சுருதிப் பெட்டியின் மூன்று குமிழ்கள்: எந்தப் பொட்டென்ஷியோமீட்டரை எங்கே பொருத்துவது

டர்பன் வட்டாரத்தில் தேவார வகுப்புக்கோ வீட்டுப் பாராயணத்துக்கோ மின்னணுச் சுருதிப் பெட்டி ஒன்றைத் தாமே செய்ய முனைகிறவர்களுக்குச் சுற்று வரைபடம் பெரிய தடையாக இருப்பதில்லை. 555 டைமர் என்ற சில்லு ஒன்று மூல அதிர்வை உண்டாக்குகிறது. அதை ஓர் எண்ணிச் சில்லு ஆறால் வகுத்துச் சட்ஜத்தைத் தருகிறது. இன்னொன்று நான்கால் வகுத்துப் பஞ்சமத்தைத் தருகிறது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிறப்பதால் அவற்றுக்கிடையே உள்ள 3:2 என்ற விகிதம் ஒருபோதும் பிசகாது. எல்எம்386 என்ற சிறு ஆம்ப்ளிஃபையர் ஒலியைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. 9 வோல்ட் மின்கலத்தில் இயங்குவதால் மின்வெட்டு நேரத்திலும் வகுப்பு நிற்பதில்லை. மின்கலம் மெல்ல இறங்கினாலும் 555-இன் அதிர்வெண் ஏறக்குறைய மாறாமலே இருக்கும். தடுமாற்றம் முகப்பில் வரும் மூன்று குமிழ்களில்தான் தொடங்குகிறது: சுருதியை நுணுக்கமாகச் சேர்ப்பது ஒன்று, சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையே அளவைச் சமன்செய்வது ஒன்று, ஒலியளவு ஒன்று. மூன்றும் பொட்டென்ஷியோமீட்டர்களே, அதாவது சுருக்கமாகப் ‘பாட்’ எனப்படும், தண்டைத் திருப்பினால் உள்ளே தடத்தின் மேல் ஒரு கை நகர்ந்து மின்தடையை மாற்றும் பாகங்களே; ஆனால் மூன்றுக்கும் ஒரே பொருளைப் பொருத்தினால் ஏதேனும் ஒன்றாவது ஏமாற்றும்.

தெரிவுகள் நான்கு வகைப்படும். பழைய வானொலி, ஆம்ப்ளிஃபையர் ஆகியவற்றிலிருந்து கழற்றியவை. புதிதாகக் கிடைக்கும் மலிவான 16 மில்லிமீட்டர் கார்பன் பாட். விலை கூடிய பத்துச் சுற்றுப் பாட். சிறு கணினிச் சில்லான நுண்கட்டுப்படுத்தியோடு சேர்ந்து, தண்டின் திருப்பத்தைச் சொடுக்குகளாக எண்ணித் தரும் ரோட்டரி என்கோடர். இவற்றில் எது சிறந்தது என்ற கேள்வியைவிட, அந்தக் குமிழிடம் எவ்வளவு வேலையை ஒப்படைக்கிறோம் என்ற கேள்வியே முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. வேலையைக் குறுக்கிக் கொடுத்தால் மலிவான பாட்டும் நன்றாக உழைக்கும். எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்றினால் விலை உயர்ந்ததும் தடுமாறும்.

ஒப்பிடுவதற்கு முன் கையில் இருப்பது இன்னதென்று அறிய வேண்டும். தண்டு ஏறத்தாழ 270 முதல் 300 பாகை வரை திரும்பி நின்றுவிட்டால், வரிசையாக மூன்று முனைகள் இருந்தால், அது சாதாரண ஒற்றைப் பாட். ஆறு முனைகள் இரண்டு அடுக்காக இருந்தால் அது ஸ்டீரியோவுக்கான இரட்டைப் பாட்; அதன் ஓர் அடுக்கை மட்டும் பயன்படுத்துவதில் குற்றமில்லை. தண்டு எங்கும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்து, விரலுக்குச் சின்னச் சின்னச் சொடுக்குகளாகத் தெரிந்தால் அது என்கோடர். அளவிலும் தோற்றத்திலும் பாட்டைப் போலவே இருப்பதால் பழைய பெட்டிகளில் இரண்டும் கலந்துவிடும். முதுகுப்புறத்தில் தனியாக இரண்டு முனைகள் தெரிந்தால் அங்கே ஒரு சுவிட்சும் உண்டு. பழைய வானொலிகளில் அந்தச் சுவிட்சு வீட்டு மின்சாரத்தை, அதாவது 230 வோல்ட்டை, நேரடியாகத் தாங்கியிருக்கும். ஆதலால் செருகியைப் பிடுங்கி, மின்தேக்கிகளில் தங்கியிருக்கும் மின்னூட்டம் இறங்கிய பிறகே அதைக் கழற்ற வேண்டும். இளைஞர்கள் இதைப் பெரியவர் ஒருவர் உடன் இருக்கும்போது மட்டும் செய்யட்டும்.

உடலில் எழுதியிருப்பதில் எண் தெளிவானது. 103 என்றால் 10-க்குப் பின் மூன்று சுழியங்கள், அதாவது 10 கிலோ ஓம். 503 என்றால் 50 கிலோ ஓம். 504 என்றால் 500 கிலோ ஓம். சிக்கல் எழுத்தில் இருக்கிறது. இன்று ஆசியத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் பாட்களில் ‘ஏ’ என்பது லாக் வகையையும் (முதலில் மெல்லவும் பின்னர் வேகமாகவும் மின்தடை ஏறுவது), ‘பி’ என்பது நேர்விகித வகையையும் (சீராக ஏறுவது), ‘சி’ என்பது தலைகீழ் லாக் வகையையும் குறிக்கும். பழைய ஐரோப்பியப் பொருள்களிலோ ‘ஏ’ என்றால் நேர்விகிதம். நம் வீடுகளின் பரணில் கிடக்கும் பழைய சாதனங்கள் பல நாடுகளில் செய்யப்பட்டவையாக இருக்கக்கூடும். ஆகவே கழற்றியெடுத்த பாட்டில் எழுத்தை நம்பாமல் அளந்து பார்ப்பதே முறை.

அளவிடும் முறை எளிது, ஆனால் அவசரப்படுகிறவர்களை ஏமாற்றக்கூடியது. பாட் சுற்றிலேயே இருக்கும்போது ஓம் அளவை எடுத்தால் பக்கத்துப் பாகங்களின் மின்தடையும் கலந்துவிடும். மூன்று முனைகளில் இரண்டையாவது சால்டர் நீக்கி விடுவிக்க வேண்டும். முதலில் ஓரத்து முனைகள் இரண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து மொத்த மின்தடையைப் பாருங்கள். கார்பன் பாட்டில் 20 விழுக்காடு வரை கூடுதல் குறைவு இயல்பானது என்பதால் 10 கிலோ ஓம் என்று எழுதியது 8-க்கும் 12-க்கும் இடையே எங்கே நின்றாலும் அது பழுதல்ல. தண்டைத் திருப்பும்போது இந்த அளவு அசையவே கூடாது; அசைந்தால் ஓரத்து முனை என்று நினைத்தது நடு முனையாக இருக்கலாம். 500 கிலோ ஓம் போன்ற பெரிய பாட்களை அளக்கும்போது இரண்டு ஊசிகளின் உலோகத்தையும் விரலால் பிடிக்காதீர்கள். டர்பன் கோடையில் வியர்த்த கையின் மின்தடையே அளவைக் கணிசமாகக் குறைத்துக் காட்டும்.

அடுத்தது எழுத்தின் பொய்யையும் மெய்யையும் காட்டும் அளவு. தண்டு உங்களைப் பார்த்திருக்க, முனைகள் கீழ்நோக்கியிருக்க, இடது முனைக்கும் நடு முனைக்கும் இடையே மீட்டரை வைத்து, தண்டைச் சரியாக நடுவில் நிறுத்துங்கள். மொத்தத்தில் பாதியளவு காட்டினால் அது நேர்விகித வகை. பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை காட்டினால் அது லாக். பாதிக்கும் வெகு மேலே, எண்பது விழுக்காட்டைத் தாண்டிக் காட்டினால் அது தலைகீழ் லாக். உண்மையான லாக் வளைவைக் கார்பன் தடத்தில் வரைவது கடினம் என்பதால் பெரும்பாலான மலிவு லாக் பாட்களில் இரண்டு நேர்விகிதத் துண்டுகளை ஒட்டித்தான் அந்த வளைவை ஒப்பேற்றுகிறார்கள். நடுவில் எங்கோ ஒலி சட்டென்று ஏறுவதுபோல் தோன்றுவதற்கு அதுவே காரணம்.

தடத்தில் தேய்மானம் இருக்கிறதா என்பதைக் கண்டறிய டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டும் போதாது. அது நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கிறது. நகரும் கை ஒரு கணம் தடத்தை விட்டு எழும்பி மறுபடி அமர்ந்தால் அதற்குத் தெரியாது. முள் அசையும் பழைய மீட்டர் இருந்தால் முள் தடங்கலின்றி நகர்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். அது இல்லாதவர்கள் ஓரத்து முனைகளுக்கு 9 வோல்ட் கொடுத்து, நடு முனையை ஒரு சிறிய மின்தேக்கி வழியாக ஆம்ப்ளிஃபையருடன் இணைத்துத் தண்டைத் திருப்பிக் கேட்கலாம். தடம் பழுதானால் கரகரப்பு உடனே கேட்கும். 10 கிலோ ஓம் பாட்டில் இதனால் பாயும் மின்னோட்டம் 0.9 மில்லி ஆம்பியர்தான், எந்தத் தீங்கும் நேராது. பரணில் இருந்தெடுத்த பாட்டுக்கு இந்தச் சோதனை கட்டாயம். கடற்கரை ஊர்களின் ஈரமும் உப்புக் காற்றும் முனைகளிலும் நகரும் கையிலும் ஏறியிருக்கும். மின்னணுத் தொடர்பிகளுக்கென்று விற்கும் தெளிப்பானைத் தெளித்துச் சில தடவை முழுக்கத் திருப்பினால் அழுக்கினால் வந்த கரகரப்பு போய்விடும், தடம் தேய்ந்ததால் வந்த கரகரப்பு போகாது.

இனிச் சுருதிக் குமிழ். மூன்றில் இதுவே கடினமானது. இங்கே தவறான பாட்டைத் தேர்ந்தால் பெட்டியே பயனற்றுப் போகும். ஆண்குரல் ஒரு கட்டை, அதாவது ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், தொடங்கி அதற்கு மேலுள்ள ஒரு ஸ்தாயி முழுவதையும் ஒரே குமிழில் கொண்டுவர வேண்டும் என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் வழி. மூல அதிர்வு சட்ஜத்தைப் போல் ஆறு மடங்கு என்பதால், 10 நானோ ஃபாரட் மின்தேக்கியோடு 555-க்கு வேண்டிய மொத்த மின்தடை ஒரு கட்டைக்கு 183 கிலோ ஓமும் மேல் சட்ஜத்துக்கு 92 கிலோ ஓமும் ஆகின்றன. டைமரோடு சேரும் இரண்டு மின்தடைகளில் இரண்டாவது அதன் கணக்கில் இரு மடங்காக எண்ணப்படுவதால் 50 கிலோ ஓம் நேர்விகிதப் பாட் ஒன்று இந்த இடைவெளியை நிரப்பிவிடும். பாகங்கள் குறைவு, செலவும் குறைவு. ஆனால் 300 பாகைக்குள் ஒரு ஸ்தாயியின் 1200 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அடங்க வேண்டியிருக்கிறது. ஐந்து கட்டையில், 196 ஹெர்ட்ஸில், விரல் ஒரு பாகை அசைந்தால் சுருதி 4 சென்ட்டுக்கு மேல் நகர்கிறது; கூடவே ஒலிக்கும் ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டால் இரண்டு நொடிக்கு ஒரு தடவை ஒலி ஏறியிறங்கி அலையும் அளவுக்கு அது பிசகு. மேலே போகப் போக இது இன்னும் மோசமாகி, உச்சியில் ஒரு பாகைக்கு 6 சென்ட்டை நெருங்குகிறது. சுருதி சேர்ந்துவிட்டது என்று கையை எடுக்கும்போதே அது விலகிவிடுகிற பெட்டியைப் பிள்ளைகளின் முன் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இரண்டாவது வழி, அதே 50 கிலோ ஓமைப் பத்துச் சுற்றுப் பாட்டாக வாங்குவது. போர்ன்ஸ் நிறுவனத்தின் 3590எஸ் இந்த வகையில் எங்கும் அறியப்பட்டது. கம்பி சுற்றிய தடம், பத்துச் சுற்றில் 3600 பாகை; ஆகவே ஐந்து கட்டையில் ஒரு பாகைக்கு 0.4 சென்ட் கூட வராது. துல்லியத்தில் இதை யாரும் குறைசொல்ல முடியாது. குறை பழக்கத்தில் இருக்கிறது. ஒரு கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்குப் போக ஏறத்தாழ ஆறரைச் சுற்றுத் திருப்ப வேண்டும். ஆண்கள் பாடி முடித்துப் பெண்கள் பாடத் தொடங்கும் இடைவெளியில் ஆசிரியர் இதைச் சுற்றிக்கொண்டிருக்க முடியாது. விலையும் மற்றப் பாகங்கள் அனைத்தின் விலையோடு போட்டியிடும். ஒரே குரலுக்காக, வீட்டில் தனியாகப் பயிற்சி செய்கிறவருக்கு இது அருமையான தெரிவு, வகுப்புக்கு அல்ல.

மூன்றாவது வழியே எனக்கு உகந்தது. கட்டையைத் தேர்வதற்கு ஒரு சுழல் சுவிட்சு. அதன் ஒவ்வொரு நிலைக்கும் தனியாக ஒரு நிலையான மின்தடையும், பெட்டிக்குள் ஒரே ஒரு தடவை திருகிவைக்கும் டிரிம்மரும். முகப்பில் 5 கிலோ ஓம் நேர்விகிதக் கார்பன் பாட். ஐந்து கட்டைக்கு மொத்தம் 122 கிலோ ஓம் வேண்டும். முதல் மின்தடை 1 கிலோ ஓம் என்று வைத்தால், இரண்டாவது இடத்தில் 51 கிலோ ஓம் மெட்டல் ஃபிலிம் மின்தடையும் 10 கிலோ ஓம் டிரிம்மரும் முகப்புப் பாட்டும் தொடராக நிற்கும். பாட்டை நடுவில் நிறுத்தி, டிரிம்மரைத் திருகிச் சுருதி சேர்க்கலாம். முகப்புக் குமிழ் ஐந்து கட்டையில் மொத்தம் 141 சென்ட்டும் ஒரு கட்டையில் 94 சென்ட்டும் நகர்த்தும். அதாவது விரல் ஒரு பாகைக்கு அரை சென்ட்டுக்கும் குறைவு. பத்துச் சுற்றுப் பாட் தந்த துல்லியத்தைக் கிட்டத்தட்ட அப்படியே மிக மலிவான ஒரு பாட் தந்துவிடுகிறது.

வெப்பமும் இதே பக்கம்தான் பேசுகிறது. கார்பன் தடத்தின் மின்தடை சூட்டோடு மெட்டல் ஃபிலிமைவிட அதிகமாக மாறும். பாட்டின் மதிப்பு 1 விழுக்காடு நகர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரே குமிழில் எல்லாக் கட்டைகளையும் அடக்கிய பெட்டியில், ஐந்து கட்டையில் பாட்டின் பங்கு மொத்தத்தில் கால்வாசி. ஆகவே சுருதி 4 சென்ட் விலகும். குறுகிய குமிழில் பாட்டின் பங்கு நூற்றுக்கு நான்கு என்பதால் விலகல் ஒரு சென்ட்டை எட்டாது. டர்பனின் ஈரமான தை மாதக் காவடிக் காலத்தில் சேர்த்த பெட்டியை ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவின் வறண்ட குளிர்கால மாலையில் திறந்து வைக்கும்போது இந்த வேறுபாடு காதில் விழும். மின்தேக்கியையும் ஃபிலிம் வகையாகவே வாங்க வேண்டும். சாதாரணச் செராமிக் மின்தேக்கி பாட்டைவிட அதிகமாக அலையும்.

டிரிம்மர்களாக 25 சுற்றுச் செர்மெட் வகை (பீங்கானும் உலோகமும் கலந்த தடம் உள்ளது) பொருத்தமானது. போர்ன்ஸ் 3296 போன்றவற்றின் ஆயுள் 200 சுழற்சிகள் என்றே குறிக்கப்பட்டிருக்கும். ஒரு தடவை சேர்த்து மூடிவிடும் இடத்தில் அது தாராளம், முகப்புக் குமிழாகப் பயன்படுத்துவதோ தவறு. சுழல் சுவிட்சின் பன்னிரண்டு நிலைகளையும் நிரப்ப வேண்டியதில்லை. ஒன்று, ஒன்றரை, நாலரை, ஐந்து, ஐந்தரை என்ற ஐந்து நிலைகள் பெரும்பாலான வகுப்புகளுக்குப் போதும்.

இந்தக் குமிழை இணைக்கும் முறையில் இரண்டு விவரங்கள் முக்கியம். இங்கே பாட் மின்னழுத்தப் பகுப்பியாக இல்லாமல் மாறும் மின்தடையாக மட்டும் வேலை செய்கிறது. இரண்டு முனைகள் போதும் என்று மூன்றாவதை அந்தரத்தில் விடாதீர்கள். அதை நடு முனையோடு சேர்த்துக் கட்டிவிட்டால், நகரும் கை ஒரு கணம் தடத்தை விட்டு எழும்பினாலும் 5 கிலோ ஓம் பாதை மிஞ்சியிருக்கும்; சுருதி ஒரு கணம் இறங்கும், ஆனால் நின்றுபோகாது. கட்டாமல் விட்டால் அதே கணத்தில் அதிர்வே அறுந்துவிடும். அடுத்தது திசை. வலஞ்சுழியாகத் திருப்பினால் சுருதி ஏற வேண்டும், அதற்கு மின்தடை குறைய வேண்டும். ஆகவே நடு முனையையும் வலது முனையையும் சுற்றில் சேர்த்து, இடது முனையை நடுவோடு கட்ட வேண்டும்.

ஒலியளவுக்கு வருவோம். காது ஒலியை விகிதங்களாக உணர்வதால் லாக் பாட்டே இயல்பானது. எல்எம்386-க்கு முன்னால் ஏ10கே என்று குறித்த ஒன்றை வையுங்கள். இடது முனை தரைக்கும், வலது முனை வரும் ஒலிக்கும், நடு முனை ஆம்ப்ளிஃபையருக்கும் போக வேண்டும். பழைய வால்வு வானொலியிலிருந்து வந்த 500 கிலோ ஓம் லாக் பாட் இங்கே ஆசை காட்டும், ஆனால் சேராது. எல்எம்386-இன் உள்ளீட்டு மின்தடை 50 கிலோ ஓம்தான். அந்தச் சுமை பெரிய பாட்டின் வளைவை நசுக்கிவிடுவதால், குமிழ் நடுவில் நிற்கும்போது 15 விழுக்காடு கிடைக்க வேண்டிய இடத்தில் 7 விழுக்காடுதான் கிடைக்கும். கடைசிக் கால் சுற்றில் ஒலி குதித்து ஏறும். லாக் பாட் கிடைக்காதவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. 100 கிலோ ஓம் நேர்விகிதப் பாட்டின் நடு முனைக்கும் தரைக்கும் இடையே 10 கிலோ ஓம் மின்தடையை வைத்தால் நடுவில் 14 விழுக்காடு கிடைக்கிறது. காதுக்கு லாக் போலவே இருக்கும். எல்எம்386-இன் 50 கிலோ ஓமும் அதோடு சேர்வதால் நடுவில் கிடைப்பது இன்னும் சற்றுக் குறையும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். எண்ணியிலிருந்து வரும் ஒலியில் அலையாமல் நிற்கும் நேர்மின்னழுத்தமும் (டிசி) கலந்திருக்கும். அது பாட்டின் வழியே பாய்ந்தால் புதிய பாட்டும் கரகரக்கும். ஆதலால் பாட்டுக்கு முன் 1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்று கட்டாயம்.

சமன் குமிழில் அதிகம் சிந்திக்க ஒன்றுமில்லை. பி10கே ஒன்றின் ஓரத்து முனைகளில் ஒன்றுக்குச் சட்ஜத்தையும் மற்றதற்குப் பஞ்சமத்தையும் கொடுத்து, நடு முனையிலிருந்து கலவையை எடுத்து ஒலியளவுக் குமிழுக்கு அனுப்பினால் போதும். 20 விழுக்காட்டு வேறுபாடு இங்கே பொருட்டல்ல, ஏனென்றால் பகுப்பியாக வேலை செய்யும் பாட்டில் விகிதம்தான் பேசும். பரணிலிருந்து எடுத்த நேர்விகிதப் பாட் கரகரப்புச் சோதனையில் தேறியிருந்தால் அதற்கு ஏற்ற இடம் இதுவே.

என்கோடரைப் பற்றி ஒரு சொல். ஏற்கெனவே ஆர்டுயினோ போன்ற நுண்கட்டுப்படுத்தியில் சுருதியை எண்ணாகவே உண்டாக்குகிறவர்களுக்கு அது நல்ல தெரிவு, தேய்மானமும் வெப்பமும் சுருதியைத் தொடுவதில்லை. ஆனால் மின்சாரம் நின்றால் தான் எங்கே இருந்தோம் என்பது என்கோடருக்குத் தெரியாது. கடைசிக் கட்டையை நிரலே நினைவில் எழுதிவைக்க வேண்டும். அதே நுண்கட்டுப்படுத்தியில் பாட்டையே வைப்பதானால் 10 கிலோ ஓம் நேர்விகிதம் போதும்: ஓரங்கள் 5 வோல்ட்டுக்கும் தரைக்கும், நடு முனை அனலாக் உள்ளீட்டுக்கும். நடு முனையைத் தவறுதலாக 5 வோல்ட்டோடு இணைத்து, ஓரம் ஒன்றைத் தரையோடு இணைத்துவிட்டால், குமிழ் அந்த ஓரத்தை எட்டும்போது மின்சாரம் நேராகத் தரைக்குப் பாய்ந்து தடத்தின் நுனியைக் கருக்கிவிடும். மின்கலத்தை இணைக்கும் முன், மின் முனைக்கும் தரைக்கும் இடையே ஓம் மீட்டரை வைத்துக் குமிழை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிப் பாருங்கள். எந்த இடத்திலும் அளவு சுழியத்தை நெருங்கக் கூடாது.

வாங்கும்போது தண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். 6 மில்லிமீட்டர் தண்டில் கால் அங்குலக் குமிழ் ஆடும், கால் அங்குலத் தண்டில் 6 மில்லிமீட்டர்க் குமிழ் ஏறாது. வெட்டுவாயில் கை சறுக்கும் சறுக்குப் பாட்கள் பார்வைக்கு அழகானவை. அந்த வெட்டுவாய் வழியே தூசியும் கடற்காற்றின் உப்பும் தடத்தின் மேல் நேராக இறங்கும் என்பதால் டர்பனில் செய்யும் பெட்டிக்கு அவற்றைத் தவிர்த்து, முதுகு மூடிய சுழல் பாட்களையே வாங்குவேன்.